அந்தமானுக்குப் போவதா, வேண்டாமா

நவம்பர் 17, ஞாயிறு

அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகக்கூடும் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். உருவாகவில்லை, உருவாகக்கூடும். அதற்குள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உருவாகிவிட்டது. அவர் இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்னி காய்ந்து ஏடு கட்டிவிட்டது.

அடுத்த ஞாயிறு நெல்லை எக்ஸ்பிரஸ். திங்கள் காலை சென்னையிலிருந்து விமானம். மதியம் போர்ட் பிளேர். சனிக்கிழமைவரை அங்கே. எல்லாம் என் மகள் கிருத்திகா பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு செய்த வேலை. “கல்யாணப் பரிசு” என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் அம்மாவுக்கு மறுகல்யாணம் செய்துவைத்ததோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? பாளையங்கோட்டையில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். “அந்த நாலு பேர் யாருன்னு சொல்லும்மா, நான் பேசிக்கிடுதேன்” என்கிறாள்.

எனக்கு இதில் பெரிய ஆர்வம் ஒன்றும் கிடையாது. டிக்கெட் போட்டாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் லீவும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அவ்வளவுதான். பெட்டியை நேற்றே அடுக்கி வைத்துவிட்டேன். கடைசி நேரத்தில் அலைய வேண்டாமே என்றுதான்.

சாயங்காலம் அவர் மெதுவாக வந்து கேட்டார். “நீங்க என்ன நினைக்கிய? போலாமா?”

“உங்க இஷ்டம்” என்றேன்.

“எனக்கென்ன, உங்க இஷ்டந்தான்” என்றார்.

கல்யாணமாகி மூன்று மாதம். இன்னும் “நீங்க”தான். கடைக்கு மோட்டார் பம்பு வாங்க வந்தவளிடம் பேசுகிற மாதிரி.

நவம்பர் 18, திங்கள்

உருவாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிற பியூலாவிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். “ஏக்கா, கடல் கலங்கிக் கெடக்கும்போது அங்க போயி நிக்கணுமா? எங்க சித்தப்பா மவன் தூத்துக்குடி துறைமுகத்துல இருக்கான். கேட்டுச் சொல்லுதேன்” என்றாள். மத்தியானத்துக்குள் பதிலும் வந்தது. “பயப்பட ஒண்ணும் இல்ல, போலாம்னுதான் சொல்லுதான். ஆனா நீங்க போவாதிய.”

அப்புறம் எதற்கு அவனைக் கேட்டாள்?

வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மாள், சர்க்கரை மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே, “கப்பல்ல போறியளா, பிளேன்ல போறியளா?” என்று கேட்டாள். பிளேன் என்றேன். “பிளேன்னா மேலதான போவும், அதுக்குப் புயல் என்ன செய்யும்?” என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த இரண்டு நாளில் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசிக் கேட்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

அவருடைய மகன் சிவசைலம் தினமும் வரைபடம் அனுப்புகிறான். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவனும் அவன் மனைவி தாரணியும் மாடியில், நாங்கள் கீழே. மாடியிலிருந்து கீழே இருக்கிற அப்பாவுக்கு வாட்ஸப்பில் படம் வருகிறது. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று வட்டம் வட்டமாக. அவர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பெரிதாக்கினால் புயலும் பெரிதாகத்தானே தெரியும்!

சிவசைலம் கெட்டவன் இல்லை. கல்யாணத்துக்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மண்டபத்தில் பந்தி பரிமாறினான். ஆனால் இந்த மூன்று மாதத்தில் என்னை அவன் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்று கூப்பிடச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. எதையாவது சொல்லலாமே. “இங்க பாருங்க”, “தண்ணி வந்துட்டு”, “அப்பா சாப்பிட்டாச்சா”, இப்படியே ஓட்டுகிறான். நான் அடுக்களையில் இருந்தால் கதவருகே வந்து நின்று தொண்டையைக் கனைக்கிறான்.

இன்று கனைத்துவிட்டுச் சொன்னான்: “அப்பாவுக்குப் பிரஷர் இருக்கு. அங்க போயி கரண்டு இல்லாம, டாக்டர் இல்லாம மாட்டிக்கிடக் கூடாது. அதான் பாக்கேன்.”

“அப்பாட்ட சொல்லுப்பா” என்றேன்.

“அவங்க உங்க இஷ்டம்ங்காங்க.”

என் இஷ்டமாம். இந்த வீட்டில் எந்த டப்பாவில் உளுந்து இருக்கிறது என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

நவம்பர் 20, புதன்

மனிதர் ஊர் முழுக்கக் கருத்துக் கேட்டிருக்கிறார். சலூனில் கேட்டிருக்கிறார். பிள்ளையார் கோயில் குருக்களிடம் கேட்டிருக்கிறார். காலையில் வ.உ.சி. மைதானத்தைக் கூடவே சுற்றி வருகிற ஓய்வுபெற்ற தாசில்தாரிடம் கேட்டிருக்கிறார். பால்காரரிடம் கேட்டது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஆள் பாலை ஊற்றிக்கொண்டே “அந்தமான் எங்க இருக்கு, கேரளாவுக்கு அந்தப் பக்கமா?” என்று என்னிடம் விசாரித்தார். இவரிடம் போய்ப் புயலுக்கு யோசனை!

மத்தியானம் கேட்டுவிட்டேன். “ஊர்ல எல்லார்ட்டயும் கேக்கியளே, என்ன முடிவு பண்ணியிருக்கிய?”

“எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க” என்றார்.

“நீங்க என்ன சொல்லுதிய?”

“அதான்... பாப்போம்.”

பாப்போம். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே முப்பது வருஷம் கடை நடத்தியிருக்கிறார் போலிருக்கிறது.

என்னிடம் மட்டும் கேட்கவில்லை என்று எழுத வந்தேன். கேட்டார்தான். “உங்க இஷ்டம்” என்று சொன்னது நான்தான். அது வேறு விஷயம்.

நவம்பர் 21, வியாழன்

தாழ்வு மண்டலமாக வலுப்பெற்றது. அவர் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

பெயர் வைத்துவிட்டார்கள். வாயில் நுழையாத பெயர். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் போகிற படகுகளை நிறுத்திவிட்டார்களாம். கண்ணாடித் தரை போட்ட படகு, அதில் உட்கார்ந்து கீழே குனிந்தால் மீன் தெரியும், பவளம் தெரியும் என்று கிருத்திகா வீடியோ அனுப்பியிருந்தாள். ஹேவ்லாக்கில்தான் அது. அந்த வீடியோவை நான் ஒன்றிரண்டு தடவை பார்த்திருப்பேன். தாரணியிடம் ஒருமுறை காட்டினேன். பியூலாவிடம் காட்டினேன். வேறு யாரிடமும் இல்லை.

கிருத்திகா போனில் வந்தாள். “அம்மா, ஃபிளைட் ஓடுது. புயல் நகந்து மேல போவுதாம், திங்கக்கிழமைக்குள்ள அங்கேயிருந்து தூரமாப் போயிரும்ங்கான். மழை இருக்கும், காத்து இருக்கும். ஆபத்துன்னா அவங்களே நிப்பாட்டிருவாங்க. உனக்குப் போணுமா, வேண்டாமா?”

“எனக்கென்னடி, போனாலும் சரி, போகாட்டாலும் சரி.”

“உன்கூட மனுசன் பேச முடியாதும்மா.”

வைத்துவிட்டாள். நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். சிவசைலம், “கேன்சல் பண்ணிருவோம்பா. ஜனவரில போங்க, வெயிலா இருக்கும்” என்றான். தாரணி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தம்ளரைப் பார்த்தேன். “பாப்போம்” என்றார். அந்தத் தம்ளரை எடுத்து எறிய வேண்டும் போலிருந்தது. எடுத்துக் கழுவி வைத்தேன்.

பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். முடிந்தது. இனி ஜனவரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

நவம்பர் 23, சனி

காலையில் குளித்துவிட்டு வந்தால் அவர் என் அறை வாசலில் நிற்கிறார். எனக்கு ஏசி இருக்கிற அறையைக் கொடுத்துவிட்டு அவர் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் படுத்துக்கொள்கிறார். எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று. உள்ளே வரும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார், அவர் வீட்டுக் கதவை அவரே. இன்று தட்டவில்லை. கட்டில்மேல் கிடந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலாக இரண்டு சுடிதார். புதுசு. கொக்கிரகுளத்தில் வாங்கினேன். படகில் ஏறி இறங்கச் சேலை தோதுப்படாது என்று கடைக்காரப் பெண்தான் தலையில் கட்டிவிட்டாள்.

“வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியளா?” என்றார்.

“முடிவு பண்ணுததுக்கு நான் யாரு?”

“ஏன் அப்படிச் சொல்லுதிய?”

“வேற எப்படிச் சொல்ல? பால்காரர்ட்ட கேட்டாச்சுல்லா. அவரு என்ன சொன்னாரு?”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் வந்தால் சண்டை போடுகிறவரைக்கூடச் சமாளித்துவிடலாம். கோபம் வந்தால் சைக்கிளை எடுக்கிற ஆளை என்ன செய்வது!

மத்தியானம் திரும்பி வந்தார். கையில் ஒரு பை. உள்ளே இரண்டு மழைக்கோட்டு. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். கட்டில்மேல் சுடிதார்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அப்ப போறோமா?” என்றேன்.

“ரயில் மெட்ராசுக்குத்தான போவுது” என்றார். “மெட்ராசுல புயல் இல்லையே. அங்க போயிப் பாப்போம்.”

பாப்போம் என்பதை எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போட்டிருக்கிறார். ஆனாலும் பெட்டியைத் திரும்ப அடுக்கினேன். மஞ்சள் எனக்காம்.

நவம்பர் 24, ஞாயிறு

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் கங்கைகொண்டான் தாண்டவில்லை. எதிரே அவர் தொடையில் கைகளை வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்டேஷனுக்குச் சிவசைலம் வந்தான். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தான். வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கார் ஓட்டினான். பெட்டியை ஏற்றிவிட்டு இறங்கி, ஜன்னல் வழியாக ஒரு பையை நீட்டினான். அவர் வாங்கக் கை நீட்டினார். அவரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தான்.

“அப்பா மாத்திரை ரெண்டு வாரத்துக்கு இருக்கு. பவர் பேங்க் ஃபுல்லா சார்ஜ் ஏத்திருக்கேன். டார்ச் இருக்கு சித்தி, பேட்டரி புதுசு.”

சொன்னபிறகுதான் அவனுக்கே தெரிந்தது போலிருக்கிறது. உடனே திரும்பி அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான், நெல்லை எக்ஸ்பிரஸ் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று தெரியாதவன் மாதிரி.

டார்ச் நல்ல கனம். பெட்டியில் வைக்க இடமில்லை. கைப்பையில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 25, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

தாம்பரத்தில் இறங்கி விமான நிலையம் போய்ச் சேரும்வரை மழை இல்லை. வானம் மூடிக் கிடந்தது, அவ்வளவுதான். உள்ளே போனால் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று போட்டிருந்தது. கவுன்டரில் ஒரு பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தாள். ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொன்னாள்: “ஃபிளைட் கண்டிப்பா போகும். அங்க மழை இருக்கு, ஃபெர்ரி ஓடல. வேண்டாம்னு நினைக்கிறவங்க இப்பவே கேன்சல் பண்ணிக்கலாம், பணம் ஒண்ணும் பிடிக்க மாட்டோம்.”

எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் கேன்சல் செய்துவிட்டது. குழந்தைகள் இரண்டும் அழுதன. அதற்கு முன்னால் நின்ற புது ஜோடி போகிறோம் என்றார்கள். எங்கள் முறை வந்தது.

“சொல்லுங்க சார்.”

அவர் என்னைப் பார்த்தார். “உங்க...”

“சொல்லாதிய” என்றேன். “அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதிய.”

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பதிலாச் சொல்றீங்களா மேடம்?” என்றாள்.

தூண் ஓரமாக நாற்காலியில் போய் உட்கார்ந்தோம். ஒரு வாரமாகச் சேர்ந்ததெல்லாம் வந்துவிட்டது.

“எனக்குப் போணும்” என்றேன். “நல்லாக் கேட்டுக்கிடுங்க. எனக்குப் போணும். உங்க பையன் வேண்டாம்னாலும், பியூலா வேண்டாம்னாலும், படகு ஓடாட்டாலும் எனக்குப் போணும். மீன் பாக்கதுக்கு இல்ல. அந்த வீட்டுல உங்ககிட்ட நாலு வார்த்தை பேசுததுக்கு எனக்கு ஒரு மூலை கிடையாது. கூடத்துல டிவி. அடுக்களைல தாரணி. மாடில சைலம். என் ரூமுக்கு நீங்க கதவத் தட்டிட்டு வாரிய. நான் என்ன பேயிங் கெஸ்ட்டா? எங்கயாவது ஒரு இடத்துல நாம ரெண்டு பேரு மட்டும் இருந்தா நீங்க எப்படி இருப்பியன்னு எனக்குப் பாக்கணும். மழை பெஞ்சா பெய்யட்டும்.”

என் குரல் கூடிவிட்டது போலிருக்கிறது. பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளை மடக்கிவிட்டு நிமிர்ந்தார். நான் கவலைப்படவில்லை.

அவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். “எனக்குப் பயமா இருக்கு, வடிவு” என்றார்.

“புயலுக்கா?”

“புயலு பெறவு. பிளேனுக்கு. நான் ஏறினதே இல்ல. அம்பத்தொம்பது வயசாவுது. கிருத்திகா டிக்கெட்ட நீட்டும்போது சொல்ல வெக்கமா இருந்துட்டு. புள்ள ஆசையாப் போட்டுக் குடுத்திருக்கு. பெறவு புயல்னு டிவில சொன்னான். சரி, நம்மளா ஒண்ணும் சொல்ல வேண்டாம், அதுவே நிப்பாட்டிரும்னு இருந்தேன். அது நிப்பாட்டுத மாதிரியும் தெரியல, விடுத மாதிரியும் தெரியல. யாராவது ஒருத்தன் கண்டிப்பாப் போவாதன்னு சொல்லுவான்னு ஊரெல்லாம் கேட்டேன்.”

இந்த ஒரு வாரத்தில் அவரை என்னென்னவோ நினைத்துவிட்டேன். என்னோடு தனியாக வரப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இறந்துபோன மனைவியை நினைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். மகனுக்குப் பயந்தவர் என்று நினைத்தேன். மனிதருக்கு விமானத்தைக் கண்டால் பயம். அவ்வளவுதானா! சொல்லித் தொலைத்திருந்தால் கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறியிருப்போமே.

“சரி, திரும்பிருவோம்” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

“இல்ல” என்றார். எழுந்து நின்றுவிட்டார். “நீ போணும்னு சொல்லிட்டல்லா. யாராவது ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னுதான நானும் பாத்துக்கிட்டு இருந்தேன். வா.”

கவுன்டருக்கு அவரே முன்னால் நடந்தார். “போறோம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். சத்தமாகச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

விமானம் மேலே ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி சொன்னார். கடலுக்கு மேலே வந்ததும் விமானம் குலுங்க ஆரம்பித்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார் பாருங்கள், மோட்டார் பம்பு நட்டு முறுக்குகிற பிடி அது. இறங்கும்வரை விடவில்லை. போர்ட் பிளேரில் பெட்டிக்குக் காத்து நிற்கும்போதும் விரல் தடம் சிவப்பாக இருந்தது.

“நீ” என்று சொன்னாரே என்பது அப்போதுதான் உறைத்தது.

நவம்பர் 26, செவ்வாய்

மழை. படகு இல்லை. சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது. ஹோட்டல்காரர் ராமநாதபுரத்துக்காரர். “நீங்க ரெண்டு பேரும் மேல ஒரு பெங்காலிக் குடும்பமும்தான் இருக்கீங்க. மத்த எல்லாரும் கேன்சல்” என்றார். சமையல்காரருக்கு வேலையில்லாமல் எங்களுக்கு மூன்று வகை மீன் செய்தார். நாங்கள் சைவம். பிறகு உருளைக்கிழங்கு செய்தார்.

சிவசைலம் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் செய்தான். “பத்திரமா இருக்கோம்” என்று அவரும் மூன்று தடவை சொன்னார்.

நவம்பர் 27, புதன்

எழுத ஒன்றுமில்லை. மழை.

நவம்பர் 28, வியாழன்

புயல் தள்ளிப் போய்விட்டதாம், ஆனாலும் காற்று பலமாக இருந்தது. கரண்டு காலையிலேயே போய்விட்டது. ஜன்னல் கதவை அவர் துண்டால் கட்டினார். கட்டி முடித்த கையோடு அது பிய்த்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் கட்டினார். இவர் கடையில் எப்படி மோட்டார் மாட்டினாரோ!

பகலெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். வேறென்ன செய்வது? கிருத்திகாவின் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். பதினாறு வருஷமாக யாரும் என்னிடம் அவரைப் பற்றிக் கேட்டதில்லை. எல்லாரும் பாவம் என்பார்கள், எப்படிப்பட்டவர் என்று கேட்க மாட்டார்கள். இவர் கேட்டார். பாட்டுப் பாடுவாரா, கோபக்காரரா, என்ன சாப்பிடுவார் என்று. நான் சொல்லச் சொல்ல, தெரிந்தவரைப் பற்றிக் கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவராகவே சிவசைலத்தின் அம்மாவைப் பற்றிச் சொன்னார். சும்மா பரிசோதனைக்கென்று மதுரைக்குப் போனவளாம். ஸ்டேஷனில் மகனிடம், சாயங்காலம் வந்துருவேன், சாம்பார அடுப்புல இருந்து எறக்கி வச்சிரு என்றாளாம். திரும்பவில்லை. “அதுலேந்து வீட்ல யாரு பெட்டி எடுத்தாலும் அவனுக்கு ஆவாது” என்றார். “தாரணி பிரசவத்துக்குன்னு அவ அம்மா வீட்டுக்குப் போவணும்னு சொன்னா. அதுக்கே ரெண்டு நாளு சோறு எறங்கல அவனுக்கு.”

தாரணிக்குப் பிரசவமா? யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்றேன். நாலு மாதமாம். “உன்ட்ட சொல்லியிருப்பான்னுல்லா நினைச்சேன்” என்கிறார். இவர் நினைப்பில்தான் உலகம் நடக்கிறது. அந்தப் பெண் எனக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஊருக்குப் போனதும் முதல் வேலை, அவளை உட்காரவைக்க வேண்டும்.

சைலத்திடம் நான் முகம் கொடுத்துப் பேசியிருக்கலாம். வரைபடம் அனுப்பும்போதெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 29, வெள்ளி

வெயில்! கண் கூசுகிற வெயில். புயல் வடக்கே போய், எங்கோ தூரத்தில் வலு இழந்து கரையைக் கடந்துவிட்டதாம். நாளையிலிருந்து ஹேவ்லாக்குக்குப் படகு விடுகிறார்கள். எங்களுக்கு நாளைக் காலை திரும்புகிற விமானம். இதைவிட நல்ல நேரம் பார்க்க முடியுமா? வருகிறபோது படகு இல்லை, படகு வருகிறபோது நாங்கள் இல்லை.

சாயங்காலம் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போனோம். நான் சுடிதார் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்தார். கொஞ்சம் கழித்து, “மத்தத எப்பப் போடுவ?” என்றார்.

“நாளைக்குப் பிளேன்ல போட வேண்டியதுதான்.”

மணலில் கால் நீட்டி உட்கார்ந்தோம். ஒடிந்த தென்னை மட்டைகளை இழுத்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். பெங்காலிக் குடும்பத்துப் பிள்ளைகள் தண்ணீரில் கத்திக்கொண்டு ஆடின. இளநீர்க்காரன் ஒருவன் “நாரியல் பானி, நாரியல் பானி” என்று கூவிக்கொண்டு போனான்.

“உனக்கு லீவு எப்பவரைக்கும்?” என்று அவர் கேட்டார்.

“புதன்வரைக்கும்.”

அவர் என் போனை வாங்கி, கிருத்திகாவைக் கூப்பிட்டு, டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். அவராகவே. யாரிடமும் யோசனை கேட்காமல், என்னிடம்கூடக் கேட்காமல். மாற்றிவிட்டேன் என்று கிருத்திகா சொல்லி முடிக்கவில்லை, அவர் போன் அடித்தது. சிவசைலம்.

அவர் என்னைப் பார்த்தார். “அவன்ட்ட என்னன்னு சொல்ல?”

“உள்ளதச் சொல்லுங்க. நல்லா இருக்கு, இன்னும் மூணு நாளு இருந்துட்டு வாரோம்னு.”

“அத எப்படிச் சொல்ல, கூச்சமால்லா இருக்கு” என்றார். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, நாளைக்குக் காலைல ஃபிளைட் உண்டுல்லா? ஞாயித்துக்கிழமை நான் ஸ்டேஷனுக்கு வந்துருதேன்.”

அவர் எழுந்து நின்று, ஒரு கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, புயலில் நிற்கிறவர் மாதிரி கத்தினார். “இல்லடா! ஃபிளைட் எல்லாம் நிப்பாட்டிட்டான்! செவ்வாக்கிழமைதானாம்! பயங்கரக் காத்து!”

நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டேன்.

“புயல் கரையக் கடந்துட்டுன்னு டிவில சொல்லுதானப்பா?”

“அது அங்க! இங்க இன்னும் கடக்கலடா!”

அந்த நேரம் பார்த்து இளநீர்க்காரன் எங்களுக்கு நேரே வந்து நின்று, முழு மூச்சையும் சேர்த்து “நாரியல் பானீ!” என்றான். பிள்ளைகள் ஓவென்று சிரித்தன.

போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“சரிப்பா” என்றான் சிவசைலம். குரல் மெதுவாக இருந்தது. “அவசரம் ஒண்ணும் இல்ல. மெதுவாவே கடக்கட்டும்.”

போனை வைத்ததும் அவர் பெருமூச்சு விட்டு மணலில் உட்கார்ந்தார். முகத்தில் வியர்வை.

“நம்பிட்டான்” என்றார்.

இந்த மனிதரை நான் என்ன செய்ய?